ஓடி வந்த ஜோடி, ஒற்றைச் சாளை: எல்லைப் பக்கம் ஒரு க்ரைம் த்ரில்லர் எடுப்பது எப்படி

மாட்டை யார் கறப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் திரைக்கதையில் முதல் வரி எழுதாதீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கேயோ கொலையோ கொள்ளையோ பண்ணிவிட்டு ஓடி வருகிற காதல் ஜோடி, ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற ஒரு வீட்டில் புகுந்து வீட்டுக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிற கதையைக் குறும்படம் எடுக்கிற எல்லோரும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருப்பார்கள். ஒரே வீடு, நாலு நடிகர்கள், இரண்டு ராத்திரி, செலவு கையைக் கடிக்காது. நானும் அந்தக் கணக்கில்தான் இறங்கினேன். பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகிற ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் கேரளா, ஆனால் பேச்சு, சாப்பாடு, கல்யாணச் சீர் எல்லாம் நம்முடையதுதான். அங்கிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மண் தடத்தில் உள்ளே போனால் எங்கள் பெரியப்பாவின் தென்னந்தோப்பு, நடுவில் ஓடு போட்ட சாளை; தோட்டத்து வீட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பக்கத்துச் சாளை கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். இதைவிட என்ன வேண்டும்?

முதல் டிராஃப்டில் துப்பாக்கி இருந்தது, மூன்று போலீஸ் ஜீப் இருந்தது, மழையில் ஒரு ஃப்ளாஷ்பேக் கூட இருந்தது. ஒருநாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் கதையைச் சொன்னேன். வெத்தலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டார். கடைசியில், "அதெல்லாஞ் செரி கண்ணு, ராத்திரிப் பூரா எங்களக் கட்டிப் போட்டுட்டா வெடியால மாட்ட யாரு கறப்பா?" என்றார்.

என் கதை அங்கேயே செத்துப் போனது. இப்போது இருக்கிற கதை அந்தக் கேள்வியில் இருந்துதான் வந்தது.

முதலில் வீட்டின் நாளை எழுதுங்கள்

கறவை மாட்டைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், கத்த ஆரம்பிக்கும், கத்தினால் நிறுத்தாது. தோப்பில் ராத்திரி நாய் குரைத்தால் ஏதோ காட்டுப்பன்றி என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். கறக்கிற நேரத்தில் ஒரு மாடு விடாமல் கத்தினால் அடுத்த தோட்டத்துக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அது போதாதென்று பால் சொசைட்டி வேறு. தினம் ஆறரைக்குப் பால் ஊற்றுகிற கை ஒருநாள் வரவில்லை என்றால் ஏழு மணிக்குப் போன் வந்துவிடும். ஆக, புகுந்தவர்களுக்கு இரண்டே வழி: கிழவியின் கட்டை அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் மாடு கத்துவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு காட்சியை நாங்கள் எப்படி எடுத்தோம் என்று சொல்கிறேன். பெரியம்மா தொழுவத்துக்குப் போகிறார், பின்னாலேயே அந்தப் பெண் கத்தியோடு போகிறாள். மடியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுகிறார், கன்றை அவிழ்த்து நாலு வாய் ஊட்ட விட்டு இழுத்துக் கட்டுகிறார், விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு குத்த வைத்து உட்கார்கிறார். பால் வரவில்லை. புது ஆள் பக்கத்தில் நின்றால், அதுவும் பயந்த ஆள் நின்றால், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். பெரியம்மா திரும்பாமலே சொல்கிறார்: "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, உன்னயப் பாத்து மெரளுது." கத்தி வைத்திருக்கிறவள் இரண்டு எட்டு பின்னால் போகிறாள். அப்புறம்தான் காலி வாளியில் சர், சர் என்று முதல் பீச்சு விழுகிற சத்தம். வாளி நிறைய நிறைய அந்தச் சத்தம் கனத்துக்கொண்டே வரும். வசனம் அவ்வளவுதான். யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது பார்க்கிறவனுக்கு அந்த இரண்டு எட்டில் புரிந்துவிடும்.

இதுதான் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை. இந்த வகைப் படத்தில் வில்லன், போலீஸ், கடிகாரம் மூன்றுமே வீடுதான். வீட்டுக்கென்று ஒரு நாள் இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது, புகுந்தவர்களுக்கு அது தெரியாது, வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். எனவே கதையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டில் அந்த வீட்டில் காலை நாலரையில் இருந்து ராத்திரி பத்து வரை என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கற்பனையாக எழுதாதீர்கள், இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். மோட்டார் போடுவது, சொட்டுநீர் வால்வு மாற்றுவது, மேல்தொட்டி நிறைந்து வழிவது, பேப்பர்காரப் பையன் கேட்டில் செருகிவிட்டுப் போவது, மாத்திரை போடுகிற நேரம், நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை தேங்காய் வெட்ட ஆள் வருவது, துபாயில் இருக்கிற பையன் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இது நின்றால் யாருக்குத் தெரியும், எத்தனை மணி நேரத்தில் தெரியும்? அந்தப் பட்டியல் முடிந்ததும் திரைக்கதை முக்கால்வாசி முடிந்தது.

போன் காட்சிக்கு ஒரு யோசனை. ரகசிய வார்த்தை, தப்பான பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் புளித்துப் போனது. எங்கள் படத்தில் அம்மா பையனிடம், "செவலை இன்னிக்குப் பால் கம்மியாத்தான் சாமி குடுத்துச்சு" என்று மட்டும் சொல்வார். செவலையைப் போன மாதம் விற்றாகிவிட்டது, விற்றதே பையன்தான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிற ஜோடிக்கு அது வெறும் மாட்டுப் பேச்சு.

சிசிடிவியை மறந்துவிடாதீர்கள். கொங்குப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகையைக் கொண்டுபோன சம்பவங்கள் சமீப வருடங்களில் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன, அதற்கப்புறம் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் செய்த முதல் வேலை கேமரா மாட்டியது. இன்றைக்கு ஒரு சாளையில் கேமராவே இல்லை என்று காட்டினால் தியேட்டரில் பின் சீட்டில் இருந்து குரல் வரும். கேமரா இருக்கட்டும், அது கதைக்கு நல்லது. வாசலும் ஆசாரமும் (முன்கூடம்) அதில் தெரியும், சமையல்கட்டும் பொடக்காலியும் (கொல்லைப்புறம்) தெரியாது. உடைத்தால் பையன் போன் அடிப்பான். அதனால் கிழவரும் கிழவியும் தினமும் சாயங்காலம் ஆசாரத்தில் உட்கார்ந்து ஒன்றும் நடக்காததுபோல் டிவி பார்க்க வேண்டும், கேமரா எட்டாத இடத்தில் சுவரோடு ஒட்டி அந்த ஜோடி நிற்க வேண்டும். ஒரே ஹாலில் தெரிகிற பாதி, தெரியாத பாதி. தரையில் சாக்பீஸ் கோடு போட்டுத்தான் நடிகர்களுக்குச் சொன்னோம், ரிகர்சலில் ரொம்ப உதவியது.

அந்தச் சம்பவங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பெயர், ஊர், வீட்டின் சாயல் எதையும் எடுக்காதீர்கள். படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்பா அம்மா தனியாகத்தான் தோட்டத்தில் இருக்கிறார்கள், நம் த்ரில் அவர்களுடைய ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தத்தை நெருக்கத்தில் காட்டியே ஆக வேண்டும் என்று இருந்தால் நீங்கள் எடுப்பது வேறு படம்.

மரத்து மேலே ஒரு ஆள்

எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் கிடைத்த வரம் இது. தமிழ்நாட்டில் 1987-ல் இருந்து கள் இறக்கத் தடை, கேரளாவில் அனுமதி உண்டு, அதிலும் இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா தென்னங்கள்ளுக்குப் பேர் போனது. இங்கிருந்துதான் மற்ற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. கள் இறக்குகிற மரத்தில் எக்சைஸ்காரர்கள் போட்ட நம்பர் இருக்கும். இறக்குகிறவர் காலையிலும் சாயங்காலமும் வந்து ஏறியே ஆக வேண்டும், ஒரு நேரம் பாளையைச் சீவாமல் விட்டால் வரத்து கெட்டுப் போகும்.

யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமும் தோப்பு, யாருக்கும் தெரியாது என்று நம்பி உள்ளே புகுந்திருக்கிறார்கள். மறுநாள் காலை தலைக்கு மேலே எங்கேயோ டக், டக், டக் என்று சத்தம். பாளையைத் தட்டுகிற சத்தம் அது. நம்மூர்க்காரனுக்கு அது சத்தமே இல்லை, டவுனில் இருந்து வந்தவனுக்கு உயிர் போகும். ஒரு வேலை செய்யாத துப்பாக்கியை விட அந்த டக் டக் எங்கள் படத்துக்கு அதிகம் உழைத்தது. மேலே இருப்பவருக்கு ஓட்டுக் கூரை தாண்டி பொடக்காலி முழுக்கத் தெரியும், கொடியில் புதிதாகக் காய்கிற ஜீன்ஸ் தெரியும். அவர் பார்த்தாரா, பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போகிறாரா, சைக்கிளை எடுக்கும்போது அந்தப் பக்கம் ஏன் ஒருமுறை திரும்பினார்? இதைப் பத்து நிமிடம் இழுக்கலாம், நாங்கள் ஏழு நிமிடம் இழுத்தோம்.

உங்கள் கதை மலைமேல் ஏலத்தோட்டத்தில் நடந்தாலும் சரி, ஆந்திராவின் சித்தூர் ஜில்லா மாந்தோப்பில் நடந்தாலும் சரி, அந்த மண்ணில் வேலையாகத் தினம் வந்தே தீர வேண்டிய ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள். தற்செயலாகக் கதவைத் தட்டுகிற சேல்ஸ்மேன், வழி தவறி வருகிற நண்பன், இவர்களை எல்லாம் பார்வையாளர் நம்புவதில்லை.

எல்லை தாண்டினால் தப்பித்தோமா?

ஜோடிக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருக்கலாம், எழுதுகிற உங்களுக்கு இருக்கக் கூடாது. ஒரு மாநிலப் போலீஸ் குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிடிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 48-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் இருந்து வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. பிடித்தபின் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஆகவே கோட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் போலீஸ் பிரேக் போட்டு நிற்கிற காட்சி வேண்டாம். நடைமுறையில் நேரம் எடுப்பது வேறு இடத்தில்: இங்கே வந்து உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லி, ஆள் வாங்கி, தோப்புத் தோப்பாகத் தேட வேண்டும். அந்தச் சில மணி நேரம்தான் உங்கள் படம்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் மாட்டிக்கொள்வோம். கேரளாவில் கான்ஸ்டபிளைச் சிவில் போலீஸ் ஆபீசர் என்கிறார்கள். பொள்ளாச்சி வண்டிக்கு டிஎன் 41, சித்தூர் வண்டிக்குக் கேஎல் 70. தோப்புக்குள் ஒரு டிஎன் நம்பர் பைக் நிற்பது இங்கே சாதாரணம், அதனால் அதையே துப்பாக வைக்காதீர்கள். வணிகவரி செக்போஸ்ட்டுகள் 2017 ஜிஎஸ்டியோடு போய்விட்டன, எக்சைஸ் சோதனையும் ஆர்டிஓ சோதனையும் இருக்கின்றன. அப்புறம் இந்த 302. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புது நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை 103-வது பிரிவு. 302 என்பது இப்போது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு. கதை இன்றைக்கு நடக்கிறது என்றால் இன்ஸ்பெக்டர், "உன் மேல த்ரீ நாட் டூ போடுறேன்டா" என்று மிரட்டினால் சிரிப்புதான் வரும், ஆனால் வயதான ஏட்டு ஒருவர் பழக்கத்தில் 302 என்று சொல்லி, சின்ன அதிகாரி திருத்தினால் அது நல்ல காட்சி. செயின் பறிப்புக்கும் இப்போது தனிப் பிரிவு இருக்கிறது, 304, மூன்று வருடம் வரை சிறை. உங்கள் ஜோடி செயின் பறிப்பில் ஆரம்பித்து விபரீதமாகப் போனவர்கள் என்றால் இது உதவும்: மூன்று வருடத்தோடு போயிருக்க வேண்டியது, ஒரு தள்ளலில் அந்த அம்மா கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோக, போலீஸ் 103 போட்டுவிடுகிறது. கூட்டுக்கொள்ளைக்கு ஐந்து பேராவது வேண்டும், இரண்டு பேரை வைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் பேசாதீர்கள்.

ஜோடியை அழகாக்காதீர்கள்

ஓடுகிற காதலர்கள் என்றாலே எல்லோரும் அமெரிக்கக் கொள்ளைக்கார ஜோடி பானி பார்க்கரையும் கிளைட் பாரோவையும் இழுப்பார்கள், தொப்பியும் சுருட்டும் காருமாக. நிஜத்தில் 1933 ஜூனில் டெக்சாஸில் வெலிங்டன் என்ற ஊர்ப் பக்கம் கிளைட் ஓட்டிய கார் பள்ளத்தில் பாய்ந்து, பானியின் கால் வெந்து போனது. பக்கத்தில் இருந்த ஒரு விவசாயக் குடும்பம்தான் இழுத்து வெளியே போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டது. துப்பாக்கிகளைப் பார்த்ததும் சந்தேகப்பட்டு ஒருவர் நழுவிப் போய்த் தகவல் சொல்ல, வந்த இரண்டு அதிகாரிகளையும் துப்பாக்கி முனையில் கூட்டிக்கொண்டு இவர்கள் ஓடினார்கள். அதற்கப்புறம் பானியால் ஒழுங்காக நடக்கவே முடியவில்லை, கிளைட் பல நேரம் தூக்கிக்கொண்டு போனான். 1934 மே 23-ல் லூசியானாவில் போலீஸ் சுட்டபோது அவளுக்கு வயது 23. இதில் எனக்குப் பிடித்தது, அந்த வீட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பது. காயத்தோடு போய் விழுந்த இடம் அது. வீடு முதலில் உதவிதான் செய்தது. "கதவை உதைத்துத் திறந்தான்" என்று எழுதுவதற்குமுன் "தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தார்கள்" என்று எழுதிப் பாருங்கள். நம்மூரில் சாளைக்கு வந்தவருக்கு முதலில் நீர்மோர்தான், கேள்வி அப்புறம்தான்.

இன்னொரு நிஜக் கதை இதைவிட முக்கியம். 1952 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வைட்மார்ஷ் என்ற இடத்தில் ஹில் என்பவரின் வீட்டுக்குள் சிறையில் இருந்து தப்பிய மூன்று பேர் புகுந்து, அவரையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் 19 மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு இதே மாதிரிக் கருவில் ஒரு நாவல், ஒரு நாடகம், 1955-ல் ஒரு ஹாலிவுட் படம் எல்லாம் வந்தன, அவற்றில் அடி உதை எல்லாம் உண்டு. லைஃப் பத்திரிகை அந்த நாடகத்தை ஹில் குடும்பத்துக்கு நடந்ததே என்பதுபோல் எழுத, குடும்பம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே குடும்பத்துக்காக வாதாடியவர் பின்னால் ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்சன். 1967-ல் தீர்ப்பு பத்திரிகைப் பக்கம் போனது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மரியாதை. கத்துகிற வில்லனை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, "ஐயா, மன்னிச்சுக்கங்க, ரெண்டு நாள்தான்" என்று சொல்லிவிட்டு, போனை எல்லாம் ஒரு சொம்பில் போட்டு எடுத்துக்கொள்கிறவனைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். எங்கள் ஜோடியில் பையன் கிழவரை "ஐயா" என்றுதான் கடைசிவரை கூப்பிடுவான், பெண் "ஆத்தா" என்று கூப்பிட ஆரம்பிப்பது மாட்டுத் தொழுவக் காட்சிக்கு அப்புறம்தான். அந்த ஒரு சொல் மாறுகிற இடத்தை நீங்கள் கவனித்து வைத்தால் பாதி வசனத்தை வெட்டலாம். பிணைக்கைதிக்குப் புகுந்தவன் மேல் பாசம் வந்துவிடுவதாக எழுதும்போது மட்டும் நிதானம், நம்மூர்க் கிழவிகள் சோறு போடுவார்கள், அதற்காக மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இருவருக்குள் சண்டை எதைப் பற்றி? பணத்தைப் பற்றி வேண்டாம். கிளம்பலாமா, இருக்கலாமா என்பதைப் பற்றி வையுங்கள். பையனுக்குக் கிளம்ப வேண்டும். பெண் மூன்று மாதமாக லாட்ஜிலும் பஸ் ஸ்டாண்டிலும் தூங்கியவள், முதல்முறையாக ஒரு கட்டிலில் படுக்கிறாள், சுடச்சுடக் களி தின்கிறாள். வீடு அவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

படப்பிடிப்பு: காற்று, மயில், கண்ணாடி ஓடு

நாங்கள் ஆடி மாதத்தில் எடுத்தோம். மடத்தனம். பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு ஓட்டை, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே அரபிக்கடல் காற்று மொத்தமும் புகுந்து வரும். உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். அந்தக் காற்றில் தென்னை ஓலை அடிக்கிற சத்தம் மைக்கில் அப்படியே மழை பெய்வதுபோல் பதிவாகும். திரையில் வெயில் அடிக்கிறது, காதில் மழை கொட்டுகிறது. மொத்த வெளிப்புற வசனமும் வீணாய்ப் போய், ஒரு அறைக்குள் கம்பளியைக் கட்டி டப்பிங் பேசினோம். மார்கழி, தையில் காற்று கிழக்கில் இருந்து அடிக்கும், அதுவும் லேசுப்பட்டதல்ல. லொகேஷன் பார்க்கப் போகும்போதே போனில் ஐந்து நிமிடம் ரெக்கார்ட் பண்ணி, வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேளுங்கள். மைக்குக்கு மயிர்க்கவர் கட்டாயம். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தம் பிடித்து வையுங்கள், எடிட்டர் கும்பிடுவார். மயில் விடியற்காலையில் கத்தும், அதை ஒன்றும் பண்ண முடியாது, கதையில் சேர்த்துவிடுங்கள்.

ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்கு நடுவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு இருக்கும். பார்க்க அழகு, தூசி பறக்கிற அந்த ஒளிக்கற்றையைப் பார்த்ததும் கேமராமேன் சொக்கிப் போவார். சூரியன் நகர்ந்தால் அதுவும் நகரும். எங்கள் படத்தில் கிழவரும் பையனும் பேசுகிற மூன்று நிமிடக் காட்சியில் அந்த வெளிச்ச வட்டம் முதலில் கிழவரின் முழங்காலில் இருக்கிறது, அடுத்த ஷாட்டில் சுவரில், திரும்ப முழங்காலில். எடிட்டிங்கில்தான் கண்டோம். ஓட்டின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கீழே இருந்து ஒரு சின்ன எல்ஈடி விளக்கால் அதே வட்டத்தை நீங்களே உண்டாக்குங்கள். தோப்புக்குள் உச்சி வெயிலில் முகமெல்லாம் புலிக்கோடு விழும். காலை எட்டரைக்குள், சாயங்காலம் நாலரைக்கு மேல் வெளிப்புறத்தை முடித்துக்கொண்டு, நடுப்பகலில் உள்ளே எடுங்கள்.

ஓடி வருகிற காட்சிக்குக் கார் துரத்தல் எல்லாம் வேண்டாம். 1950-ல் வந்த கன் கிரேஸி படத்தில் ஒரு முழு வங்கிக் கொள்ளையைக் காரின் பின் சீட்டில் கேமராவை வைத்து, வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டாக எடுத்திருப்பார்கள், வங்கிக்குள்ளே கேமரா போகவே இல்லை. காசு இல்லாதவனுக்கு அதுதான் பாடப்புத்தகம். நாங்கள் ஒரு ஆம்னி வேனின் பின்னால் உட்கார்ந்து அதேபோல் எல்லை தாண்டுகிற காட்சியை எடுத்தோம், டயலாக்கே கிடையாது, அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

ஆயுதம்: முற்றத்தில் தேங்காய் உரிக்கிற பாரை நட்டிருக்கும், முனை மேலே பார்த்தபடி. ஒருமுறை சும்மா காட்டுங்கள். பார்க்கிறவன் படம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பான். கடைசிவரை அதை வைத்து யாரையும் ஒன்றும் செய்யாதீர்கள், கிழவர் தேங்காய் மட்டும் உரிக்கட்டும். துப்பாக்கி வைத்தே தீருவேன் என்றால் பொம்மைதான், அதுவும் சாளையை விட்டு வெளியே போகக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டாம் நாள் ராத்திரி பரோட்டா வாங்க நடிகர்கள் இரண்டு பேரையும் மேக்கப்போடு பைக்கில் அனுப்பிவிட்டேன். நெற்றியில் வெட்டுக்காயம், சட்டையெல்லாம் சிவப்பு, பின்னால் தலை கலைந்த பெண். கடையில் இருந்தவர்கள் பைக் சாவியைப் பிடுங்கி, உட்கார வைத்து, போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். நான் போய் ஸ்கிரிப்ட் பேப்பரைக் காட்டி, போனில் எடுத்த வீடியோவைக் காட்டி மீட்டு வர மணி பதினொன்று ஆனது. பரோட்டா ஆறிப்போயிருந்தது. எனவே படப்பிடிப்புத் தேதி, இடம், எத்தனை பேர், பொம்மை ஆயுதம் என்னென்ன என்று எழுதி ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். எல்லையில் எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் கொடுங்கள். வீட்டுக்காரர் சொந்தப் பெரியப்பாவாக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறை அனுமதி தனி. தியேட்டருக்குப் போகிற எண்ணம் இருந்தால் சென்சார் வேண்டும், மாடு நடிக்கிறது என்றால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றும் கேட்பார்கள், எடுத்தபின் ஓடாமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கடைசி எடிட்டுக்குமுன் படத்தில் காட்டிய வேலையைத் தினம் செய்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் சாளை வாசலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் போட்டோம். பெரியம்மா தொழுவக் காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை, வாளியைக் கீழே வைத்த விதம் மட்டும் சரியில்லை என்றார், பால் தளும்புமாம். கள் இறக்குகிற அண்ணன் (படத்தில் மரம் ஏறி நடித்ததும் அவர்தான்) படம் முடிந்ததும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "தம்பி, நான் மரம் ஏற இவ்வளவு நேரமா எடுப்பேன்? இப்படி ஏறுனா கள்ளு புளிச்சிரும்" என்றார். நாங்கள் பதற்றம் கூடட்டும் என்று ஸ்லோமோஷனில் போட்டிருந்தோம். அன்றைக்கு ராத்திரியே அந்த ஸ்லோமோஷனை நீக்கிவிட்டோம். அவர் ஏறுகிற வேகத்திலேயே ஏறினார், ஏழு நிமிடக் காட்சி ஆறு நிமிடம் இருபது வினாடி ஆனது.